பட்டர்வோர்ட் செடிக்கு என்ன குறை? அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டு சரிசெய்யும் முறை

பட்டர்வோர்ட் என்றும், தாவரவியலில் பிங்குயிக்குலா என்றும் வழங்கும் பூச்சியுண்ணும் செடி பெங்களூரு வீடுகளில் நன்றாக வளரக்கூடியது. இங்கே நர்சரிகளிலும் இணையத்திலும் கிடைப்பவை பெரும்பாலும் மெக்சிகோ நாட்டு இனங்களும் அவற்றின் கலப்பினங்களும்தான். அந்த நாட்டின் மேட்டு நிலங்களில் சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளிலும் ஜிப்சம் பாறை இடுக்குகளிலும் வளரும் இச்செடிகளுக்கு ஏறத்தாழ மே கடைசி முதல் அக்டோபர் வரை மழைக்காலம். மீதி மாதங்கள் வறட்சி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் ஊரின் பருவமும் அந்த வரிசையிலேயே வருவதால், குளிர்சாதனமோ கண்ணாடிக் கூடாரமோ இல்லாமல் ஒரு சாதாரண பால்கனியிலேயே இதைப் பல ஆண்டுகள் வைத்திருக்க முடியும். ஆனாலும் வாங்கிய சில மாதங்களில் செடி போய்விட்டது என்று சொல்பவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் செடியைக் கவனிக்காமல் விட்டவர்கள் அல்லர். தவறான அறிகுறியைக் கண்டு தவறான வைத்தியம் பார்த்தவர்கள்.

கீழே சொல்லப்படுபவை மெக்சிகோ இனங்களுக்கு உரியவை. ஐரோப்பாவின் குளிர்நில இனங்களும், நம் இமயமலையிலேயே வளரும் பிங்குயிக்குலா அல்பினாவும் பனிக்காலத்தில் இறுகிய மொட்டாகச் சுருங்கி உறங்கும் வகையைச் சேர்ந்தவை. அந்தக் குளிரைப் பெங்களூருவில் தர முடியாது என்பதால், அவற்றை இங்கே வளர்க்க முயல வேண்டாம் என்பதே என் கருத்து.

எதற்கும் முன்பாக நடுக்குருத்தைப் பாருங்கள்

இந்தச் செடி தரையோடு படிந்த வட்டக் கொத்தாக வளர்கிறது. புதிய இலை நடுவில் தோன்றி, பழைய இலை வெளி வட்டத்துக்குத் தள்ளப்படுகிறது. எனவே குறை வெளி வட்டத்தில் இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. வெளி வட்டத்தின் ஓரிரு இலைகள் மஞ்சளாகிக் காகிதம் போல் உலர்ந்து, நடுவில் இளம்பச்சையாக உறுதியான குருத்து வந்துகொண்டிருந்தால், அது இலையின் இயல்பான முதுமை; ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நடுக்குருத்து கறுத்தாலோ, முறுக்கிக்கொண்டாலோ, விரலால் தொடும்போது நெகிழ்ந்தாலோ அன்றைக்கே கவனிக்க வேண்டும். இந்த ஒரு பார்வையிலேயே பாதி ஐயங்கள் தீர்ந்துவிடும். மீதிக்குத்தான் பின்வரும் பகுதிகள்.

இலையில் பிசுபிசுப்பு இல்லை

நல்ல வெளிச்சத்தில் இலையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து சாய்த்துப் பார்த்தால், மேற்பரப்பு முழுவதும் மயிரிழை போன்ற மெல்லிய காம்புகளும், ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஒரு சிறு துளியும் தெரியும். பூச்சியை ஒட்டிப் பிடிப்பது அந்தத் துளி. காம்பில்லாமல் இலையோடு படிந்திருக்கும் வேறொரு வகைச் சுரப்பிகள் செரிமானச் சாற்றைத் தருகின்றன. துளிகள் இல்லாமல் இலை வெறுமனே வழவழப்பாகவோ மங்கலாகவோ இருந்தால், அதற்குப் பல காரணங்கள் உண்டு.

கூரியரில் வந்து சில நாட்களே ஆன செடி என்றால், வழியில் ஈரத்துணிக்குள் உரசிய இலைகள் துளிகளை இழந்திருக்கும். அவை மீளாமலே போகலாம். அதன் பிறகு நடுவில் விரியும் இலைகள்தான் செடியின் உண்மையான நிலையைச் சொல்லும். அதுவரை நேர்வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வைத்து, ஒரு ஒளிபுகும் டப்பாவை லேசாகத் திறந்த நிலையில் மேலே கவிழ்த்தால் போதும். நீண்ட நாட்களாக உங்களிடம் இருக்கும் செடி என்றால், மேலே தண்ணீர் தெளிக்கும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். துளசிக்கு ஊற்றும் கையோடு இதற்கும் மேலிருந்து ஒரு சொம்பு ஊற்றுவது நம் வீடுகளில் சாதாரணமாக நடப்பது. அப்படிக் கழுவப்பட்ட துளிகளை ஆரோக்கியமான செடி ஓரிரு நாட்களில் மீண்டும் சுரந்துவிடும். தினமும் கழுவினால் சுரக்க அவகாசமே கிடைப்பதில்லை.

பக்கத்தில் கட்டட வேலை நடக்கும் தெருக்களில் வேறொரு சிக்கல் வரும். சிமென்ட் தூசியும் சாலைப் புழுதியும் பிசுபிசுப்பில் ஒட்டிக்கொண்டு இலையைச் சாம்பல் நிறமாக்கிவிடும். இங்கே மட்டும் மேலிருந்து கழுவுவதுதான் வைத்தியம்: காலை வேளையில், ஆர்.ஓ. தண்ணீரை மெல்லிய தூவலாக விட்டு இலைகளைக் கழுவி, நடுவில் நீர் தேங்காதபடி தொட்டியைச் சாய்த்து வடித்துவிடுங்கள். துணியால் துடைக்கக் கூடாது, சுரப்பிகள் நசுங்கிவிடும்.

இவை எதுவும் இல்லாமல் பிப்ரவரி, மார்ச் மாதப் பிற்பகலில் மட்டும் துளிகள் குறைந்து இரவில் திரும்பிவந்தால், அது காற்றின் வறட்சி. செடிகளை நெருக்கமாக வைத்து, கூழாங்கல்லும் நீரும் நிறைந்த ஒரு அகலத் தட்டைக் கீழே வைத்தால் ஈரப்பதம் ஓரளவு நிற்கும். எல்லா வேளையிலும் துளிகள் இல்லை, இலையும் வெளிறியிருக்கிறது என்றால் வெளிச்சக் குறைவு; அதைத் தனியாகச் சொல்கிறேன்.

இலைகள் சிறுத்து, தடித்து, நடுவில் நெருங்கிக்கொண்டன

நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரிக்குள் இந்த மாற்றம் தெரிந்தால் அச்சப்பட வேண்டாம். மெக்சிகோ இனங்களில் பல, வறண்ட பருவத்துக்கெனப் பூச்சி பிடிக்காத, சதைப்பற்றுள்ள சிறு இலைகளை விடுகின்றன; இந்தச் செடிகளின் உறக்கம் என்று கீழே சொல்வது இந்த நிலையைத்தான். பெரிய மழைக்கால இலைகள் உலர்ந்துபோக, பார்ப்பதற்கு வேறொரு செடி போலவே ஆகிவிடும். அக்னாட்டா, ஜிகாண்டியா போன்ற இனங்களில் இந்த மாற்றம் அதிகம் தெரிவதில்லை. மொரானென்சிஸ், எஸ்செரியானா, ஜிப்சிகோலா போன்றவற்றில் கண்கூடாகத் தெரியும்.

செடி வற்றுகிறது என்று எண்ணி இந்த வேளையில் தண்ணீரைக் கூட்டுவதுதான் பெரும் தவறு. தட்டில் நீர் தேங்குவதை நிறுத்தி, வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை மண்கலவை லேசாக ஈரப்படும் அளவுக்கு மட்டும் கொடுங்கள். தடித்த இலைகளே தமக்கு வேண்டிய நீரை வைத்திருக்கும். உணவும் வேண்டாம். ஏப்ரல், மே மாதக் கோடைமழையை ஒட்டி நடுவிலிருந்து அகலமான, பிசுபிசுப்பான இலை ஒன்று விரியத் தொடங்கும்போது நீரைப் படிப்படியாகக் கூட்டலாம். பெங்களூருவில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரமே என்பதால், பருவம் மாறியதை இந்தச் செடிக்கு முக்கியமாக உணர்த்துவது நீங்கள் ஊற்றும் தண்ணீரின் அளவும் இரவின் குளிரும்தான்.

அடி இலைகள் பழுப்பேறி நைந்துபோகின்றன

இதுதான் நம் ஊரில் அதிகச் செடிகளைக் கொல்லும் அழுகல் நோய். முதுமையால் உலரும் இலை காய்ந்து, தாள் போல் பிரிந்து வரும். அழுகும் இலையோ அடிப்பாகத்திலிருந்து தேன்நிறமாகத் தொடங்கி, ஒளி ஊடுருவும்படி ஆகி, இழுத்தால் சளி போல் கையோடு வரும். சில சமயம் மேலே சாம்பல் நிறப் பூஞ்சணமும் தெரியும்.

வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகி, பெங்களூருவில் நாட்கணக்கில் வெயிலே இல்லாமல் தூறிக்கொண்டிருக்கும் நவம்பர் மாதம்தான் இதற்கு உரிய காலம். செடி உறக்கத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கும், வேர்கள் குறைந்திருக்கும், தட்டிலோ மழைக்காலப் பழக்கத்தில் ஊற்றிய நீர் நின்றுகொண்டிருக்கும். அக்டோபர் பாதியிலேயே மழை படாத இடத்துக்குத் தொட்டியை நகர்த்திவிட்டால் பெரும்பாலும் இந்த நிலை வராது.

மற்றொரு காரணம் மண்கலவை. பல நர்சரிகள் கோகோபீட்டில் மண்புழு உரம் கலந்து விற்கும் பொதுக் கலவை, ரோஜாவுக்கும் மிளகாய்க்கும் நன்று; இந்தச் செடிக்கு நஞ்சு. அதன் உரச்சத்தும், சரியாக அலசப்படாத தென்னை நார்த்தூளில் தங்கியிருக்கும் உப்பும் வேரைக் கருக்கிவிடும். எப்போதும் ஈரமாக இருக்கும் அடர்த்தி அழுகலை வரவழைக்கும். பெர்லைட், வெர்மிகுலைட் (இரண்டும் சூட்டில் பொரித்த இலேசான கனிமத் துகள்கள்), நன்கு கழுவிய பருமனான சிலிக்கா மணல் மூன்றையும் ஏறக்குறைய சமமாகக் கலந்தாலே போதும். விரும்பினால் ஒரு பிடி பீட் பாசி சேர்க்கலாம். ஆற்று மணல், செம்மண், வேப்பம் புண்ணாக்கு, மாட்டு எரு எதுவும் வேண்டாம்.

அழுகல் தெரிந்தவுடன் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். வேர் மிகச் சிறியது என்பதால் எளிதாக வந்துவிடும். நைந்த இலைகள் அனைத்தையும் நீக்கி, அடித்தண்டில் பழுப்பான பகுதியைச் சுத்தமான பிளேடால் உறுதியான வெள்ளைத் திசு தெரியும் வரை சீவி, ஒரு நாள் நிழலில் காற்றாட வைத்து, புதிய கலவையின் மேல் உட்கார வையுங்கள். கலவை ஈரம் தெரியாத ஈரமாக இருக்க வேண்டும். பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது.

நடுக்குருத்தே கறுத்துவிட்டால் அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது. ஆனால் வெளி வட்டத்தில் உறுதியாக இருக்கும் இலைகளைக் கொண்டு அதன் வாரிசைக் காப்பாற்றலாம். இலையின் அடிப்பகுதியைப் பிடித்து இடமும் வலமுமாக மெல்ல அசைத்தால், தண்டோடு ஒட்டியிருந்த வெண்ணிற அடியோடு முழுதாகக் கழன்று வரும். அந்த வெள்ளை அடி மிக முக்கியம். பாதியில் ஒடிந்த இலை பெரும்பாலும் வீணாகும். கழன்ற இலைகளை ஈரமான பெர்லைட் கலவையின் மேல் மல்லாத்தி வைத்து, மூடிய ஒளிபுகும் டப்பாவில், நேர்வெயில் படாத வெளிச்சத்தில் விட்டால், சுமார் ஒரு மாதத்தில் வெள்ளை அடியில் கடுகளவு பச்சை முளைகள் தோன்றும். உறக்ககாலத்துத் தடித்த இலைகளில் இது மிக எளிதாக நடக்கும். செடி நலமாக இருக்கும்போதே ஆண்டுதோறும் ஓரிரு இலைகளை இப்படி முளைக்கப் போட்டு வைப்பவர், ஒரு அழுகலால் இனத்தையே இழக்க மாட்டார். இதை எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்வேன்.

தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு. இலை நுனிகள் கருகுகின்றன

தொட்டியின் விளிம்பிலும் மண்கலவையின் மேலும் உப்புப் பூத்தது போல் வெண்படலம் தெரிந்தால் காரணம் தண்ணீர். இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் கரைந்த திடப்பொருட்களை லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. ஆகையால் நமக்கு நல்ல தண்ணீர் இந்தச் செடிக்கு நல்ல தண்ணீராக இருக்க வேண்டியதில்லை. இந்தக் கரைபொருளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 50க்குக் கீழ் காட்டும் நீரே மிகச் சிறந்தது; 100 வரை சமாளிக்கலாம். காவிரிக் குழாய்த் தண்ணீர் பொதுவாக அதற்கு மேல்தான் காட்டும். போர் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் பல பகுதிகளில் 500ஐயே தாண்டும். சுண்ணாம்புப் பாறையில் வளரும் செடிதானே, கடினநீர் என்ன செய்யும் என்று கேட்பவர்கள் உண்டு. இச்செடிகள் கால்சியத்தைப் பொறுத்துக்கொள்வது உண்மை. ஆனால் பாறையில் மழைநீர் வழிந்தோடிவிடுகிறது. தொட்டியிலோ ஒவ்வொரு முறையும் நீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்குகிறது. சோடியம் மிகுந்த தண்ணீரானால் கேடு விரைவில் வரும்.

வீட்டு ஆர்.ஓ. இயந்திரத் தண்ணீர் போதும் என்று நினைப்பவர்களும் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கும் இயந்திரங்கள் 100க்கும் மேலான நீரைத் தரக்கூடும். அப்படியானால் தாது சேர்க்கும் இடத்துக்கு முன்பே நீரைப் பிரித்துத் தரும்படி இயந்திரம் பார்க்க வருபவரிடம் கேட்கலாம். மழைநீர் எல்லாவற்றிலும் உத்தமம். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களின் நீரைக் கழித்துவிட்டு, திறந்த வெளியில் பாத்திரம் வைத்துப் பிடித்து, ஒளிபுகாத கேனில் மூடிவைத்தால் பல வாரங்களுக்கு வரும். அரிசி கழுவிய நீர், பருப்பு களைந்த நீர், மீன் தொட்டி நீர் ஆகியவற்றை மற்றச் செடிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படிவு ஏற்கெனவே இருந்தால், சுத்தமான நீரைத் தொட்டியின் ஓரமாக மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியாகத் தாராளமாக வடியவிட்டு அலசுங்கள். இதை வளர்ச்சிக் காலத்தில் மட்டும் செய்ய வேண்டும். படிவு தடித்துவிட்டால் அலசுவதை விடக் கலவையை மாற்றுவதே சரி. ஆண்டுக்கு ஒருமுறை, உறக்கத்திலிருந்து செடி விழிக்கும் தறுவாயில் மாற்றினால் மிக நல்லது.

இலைகள் நீண்டு வெளிறுகின்றன, அல்லது சிவந்து தீய்கின்றன

வெளிச்சம் போதாதபோது இலைகள் தரையோடு படியாமல் மேல்நோக்கி நீண்டு, மெலிந்து, வெளிர்பச்சையாகி, துளிகளும் குறையும். கிழக்குப் பார்த்த பால்கனியின் காலை வெயில் இதற்கு அருமை. அது இல்லாத வீடுகளில் வெள்ளை எல்.இ.டி. விளக்கை ஓரடிக்குக் குறைவான உயரத்தில் தொங்கவிட்டு, தினமும் 12 முதல் 14 மணி நேரம் எரியவிடலாம்.

இலை இளஞ்சிவப்பாக மாறுவது நோய் அன்று. நல்ல ஒளியின் அடையாளம். ஆனால் இலையின் நடுப்பகுதி வெளுத்து, பின்னர் காய்ந்த திட்டாக மாறினால் அது வெயில் சுட்டது. மேற்குப் பார்த்த பால்கனியில் மார்ச் முதல் மே வரை இது நிச்சயம் நடக்கும். பச்சை நிழல்வலை ஒன்றைக் கட்டிவிடுங்கள்.

நடுக்குருத்து முறுக்கிக்கொண்டு, உருக்குலைந்து வருகிறது

பூச்சியைத் தின்னும் செடிக்குப் பூச்சித் தொல்லையா என்று வியக்கலாம். பிசின் உள்ள இடத்தை விட்டு இலையின் அடியிலும் குருத்தின் இடுக்கிலும் ஒளிந்துகொண்டு சாறு உறிஞ்சுபவை உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியால் அங்கே பாருங்கள். பஞ்சு போன்ற வெள்ளைத் துணுக்குகள் இருந்தால் மாவுப்பூச்சி; எறும்புகள் தொட்டிக்கு வரிசை கட்டினால் அதை மேலும் உறுதி செய்துகொள்ளலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ கூட்டமாக இருந்தால் அசுவினி. கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் குருத்து மட்டும் பழுப்பேறி இறுகினால் சிலந்திப்பேனையோ இலைப்பேனையோ ஐயப்பட வேண்டும்.

முதலில் அந்தத் தொட்டியைத் தனியாகப் பிரித்து வையுங்கள். அசுவினிக்கு, முழுத் தொட்டியையும் ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு நாள் மூழ்கவைத்து எடுப்பது பெரும்பாலும் பலன் தரும். மாவுப்பூச்சிக்கு அது போதாது. ஸ்பிரிட்டில் நனைத்த மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்து, வேர்ப்பகுதியிலும் தேடி, கலவையையும் மாற்ற வேண்டும். திரும்பத் திரும்ப வந்தால் இமிடாகுளோப்ரிட் போன்ற ஊடுருவும் மருந்தை, உறையில் குறிப்பிட்ட அளவுக்கு மிகாமல், குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் நெருங்காத இடத்தில் பயன்படுத்தலாம். வேப்பெண்ணெய்க் கரைசலும் சோப்பு நீரும் மற்ற செடிகளுக்கு முதல் மருந்து என்றாலும், இங்கே சுரப்பிகளைப் பாழாக்கிவிடும் என்பதால் தவிர்க்கவும்.

ஒரே இரவில் இலையில் ஓட்டை விழுந்து, பக்கத்தில் பளபளப்பான தடம் இருந்தால் நத்தை. மழைக்கால இரவில் டார்ச் அடித்துத் தேடி எடுத்துப் போடுவதை விட நல்ல வழி இல்லை.

நடுவில் குருத்து நெருக்கமாகி, ஒரு கொத்து இரண்டு மூன்றாகத் தெரிவதையும் சிலர் நோய் என்று எண்ணிவிடுகிறார்கள். புது இலைகள் சீரான வடிவத்தில் இருந்தால், செடி பிரிந்து பெருகுகிறது என்றே பொருள். உறக்க முடிவில் அவற்றைத் தனித்தனியாக நடலாம்.

இரை ஒட்டிய இடத்தில் பழுப்புப் புள்ளி, பூஞ்சணம்

இரை பட்ட ஓரிரு நாட்களில் இலை விளிம்பு உள்நோக்கிச் சுருண்டு கிண்ணம் போல் குழிவது இயல்பு. சார்லஸ் டார்வினே இதைச் சோதித்து 1875இல் எழுதியிருக்கிறார். சிறிய கொசுவும், தொட்டி மண்ணில் பெருகும் பூஞ்சை ஈயும் செரித்த பிறகு கறுப்புக் கூடாக ஒட்டியிருப்பதும் குறை அன்று. பக்கத்தில் ஆர்கிட் வளர்ப்பவர்களுக்கு இந்த ஈக்களைக் குறைப்பதில் பட்டர்வோர்ட் பெரிய உதவி.

பெரிய ஈயையோ, இறைச்சித் துண்டையோ, பன்னீர்ப் பாலாடைக்கட்டியையோ வைத்தால்தான் செரிக்க முடியாமல் அந்த இடம் அழுகிப் பூஞ்சணம் பிடிக்கிறது. அந்தப் பொருளை நனைந்த பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, இலை பாதிக்கு மேல் பழுத்திருந்தால் இலையையும் நீக்கிவிடலாம். வீட்டுக்குள் பூச்சி வரத்து இல்லையென்றால், அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும் உலர்ந்த சிவப்புப் புழுவைப் பொடித்து, ஒரு சொட்டு நீரில் குழைத்து, பல்குத்தும் குச்சி நுனியில் எடுத்து, ஒரு இலையில் கடுகளவு, மாதம் இருமுறை வைத்தால் ஏராளம். மண்ணில் உரம் இடவே கூடாது.

செடி ஊன்றாமல் ஆடுகிறது; பூக்கவும் இல்லை

வேர் குட்டையாகவும் மெலிதாகவும் இருப்பது இந்தச் செடிகளின் இயல்பு. தொட்டால் ஆடுவதாலேயே வேர் அழுகிவிட்டது என்று தோண்டிப் பார்க்க வேண்டாம்; நடுக்குருத்து உறுதியாக இருந்தால் சுற்றிலும் கொஞ்சம் மணலைத் தூவி அணைத்துவிடுங்கள். பூவைப் பொறுத்தவரை, இலையிலிருந்து முளைத்த கன்று ஓரிரு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். வளர்ந்த செடியும் பூக்காவிட்டால் முதலில் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். அதிலும் மாற்றம் இல்லையென்றால், கடந்த டிசம்பரிலிருந்து மார்ச் வரை செடிக்கு உண்மையாகவே வறண்ட உறக்கம் கிடைத்ததா என்று பாருங்கள். பல இனங்கள் உறக்கத்தின்போதோ அது முடியும் தறுவாயிலோதான் பூக்காம்பை விடுகின்றன.